ஒன்பது பேரில் நாலாமவள்

மக்களே,

நீ கேட்ட ரெண்டு பக்கம் இது இல்லை. சித்திரை மாதம் நாகர்கோவிலில் மண்டபம் எடுத்துக் குடும்ப சங்கமம் நடத்தப் போகிறோம், அதற்கு ஒரு மலர் போடுகிறோம், நம் குடும்பத்தின் வரலாற்றை அம்மைதான் எழுத வேண்டும் என்று ஷார்ஜாவிலிருந்து போன் செய்தாய். தலைப்பும் நீயே தந்தாய்: "எங்கள் ஒற்றுமையின் கதை." நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் அப்பாவின் பெயர், என் அம்மையின் பெயர், பிள்ளைகள் ஒன்பது பேரின் பெயர் என்று வரிசையாக எழுதுவேன். நாலாவது பெயர் வந்ததும் கை நின்றுவிடும். எழுந்து போய்ப் படுத்துவிடுவேன். எழுபது வயதில் படுப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, முட்டுவலி என்று சொன்னால் போதும். ஆனால் அது முட்டுவலி இல்லை.

நீ போன் செய்த அன்றைக்கே குடும்பக் குரூப்பில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். "பகவதி பெரியம்மையை இனியும் மாசத்துக்கு ஒரு வீடு என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. நல்ல ஹோம் ஒன்று பார்த்துவிடலாம். எல்லாரும் சம்மதம் சொல்லுங்கள்." அதற்குக் கீழே உன் மாமன் மக்களும் சித்தி மக்களும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரூப்பில் இல்லாத ஆள் யார் தெரியுமா? அவள் ஒருத்திதான். அவளிடம் போன் கிடையாது. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்காமல் இருக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

நம் ஆளுகள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். திருவட்டாறைச் சுற்றி முப்பது முப்பத்தைந்து வீடு, குலசேகரத்தில் பத்து, நாகர்கோவிலில் நாலைந்து. ஜாதிச் சர்டிபிகேட்டுக்குப் போனால் எழுதுகிற ஆள் நம் பெயரை ரெண்டு தடவை கேட்டுவிட்டுப் பட்டியலைப் புரட்டுவார். அப்படி ஒரு சின்னக் கூட்டத்தில் ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அது பெரிய பலம். கோயில் கொடை விழாவுக்குக் கூட்டம் போட்டால் பாதி நாற்காலி நம் வீட்டு ஆளுகள்தான். பெரியண்ணன் எழுந்து ஒன்று சொன்னால் மற்ற தம்பிகளும் மச்சான்களும் "ஆமா" என்பார்கள், அதோடு கூட்டம் முடிந்தது. கடை, தோட்டம், பம்புசெட் என்று ஆண்பிள்ளைகள் வெளியே ஒற்றுமையாக நின்றார்கள். பெண்பிள்ளைகள் கட்டிப் போன வீடுகளிலும் "அவ எந்த வீட்டுப் பொண்ணு தெரியுமா" என்று ஒரு மரியாதை இருந்தது. இதெல்லாம் உண்மை. உன் மலருக்கு வேண்டியது இதுதான் என்றால் இந்தப் பாராவை வெட்டிப் போட்டுக்கொள்.

ஆனால் ஒன்பது பேர் பெருகி அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கிற ஒரு வீட்டில், யார் பெற்றாலும் யார் படுத்தாலும் பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பகவதி அக்கா. அவள் நாலாமவள், நான் எட்டாமவள். எனக்கும் அவளுக்கும் ஆறு வயசு வித்தியாசம். எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து அவளை அடுக்களையில்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஸ்கூலுக்குப் போனோம். அவள் ஆறாம் கிளாசில் நின்றாள். அம்மைக்கு இளைப்பு நோய், அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாது. யாரும் கூப்பிட்டு இனி நீ பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாள் அவள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு இருபது வயசில் முதல் கல்யாண ஆலோசனை வந்தது. பெரியண்ணன் பெண்டாட்டிக்கு அப்போது ரெண்டாவது பேறுகாலம். அம்மையால் குனிந்து நிமிர முடியாது. "இந்தப் பேறு கழியட்டும், சித்திரையில் வைப்போம்" என்று அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். அவர்கள் சித்திரை வரை நிற்கவில்லை. நம் ஆளுகள் எல்லாரும் நமக்குள்ளேதானே பெண் எடுப்பது, அடுத்த வீட்டிலேயே ஒரு பெண் கிடைத்தது. அதற்குப் பிறகு அக்காவை விட்டுவிட்டு இளையவர்களுக்கு ஒவ்வொன்றாக முடிந்தது. ரெண்டாவது ஆலோசனை அவளுடைய இருபத்தாறாவது வயசில். அந்த மாசம்தான் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆறு வருஷம் அப்பா கட்டிலில் கிடந்தார். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து எல்லாம் அவள்தான். அப்பா போன பிறகு அவளுக்கு வயசு முப்பத்திரண்டு. "இனி அவளுக்கு யாரு இருக்கா" என்று அண்ணன் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. சின்னக் கூட்டத்தில் பிறந்தால் இது ஒரு கஷ்டம், மக்களே. ஒருத்தனை விட்டால் அடுத்தவன் என்று கிடையாது. எண்ணினால் ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு கை விரலில் ஒருத்தர் மிச்சம் இருந்தார். குலசேகரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சதாசிவன். முதல் பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை கிடையாது. அவர் ஒரு கல்யாண வீட்டில் அக்காவைப் பார்த்திருக்கிறார். பந்தியில் கடைசியாக, எல்லாரும் எழுந்த பிறகு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். நேரே பெரியண்ணனிடம் போய்க் கேட்டார். அண்ணன் அக்காவிடம் கேட்டார். அவள் "செரி" என்று சொன்னாள். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவளே என்னிடம் சொன்னாள்.

அப்போது அவள் என்னோடு இருந்தாள், வடசேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில். நான் உன்னைச் சுமந்துகொண்டிருந்தேன். உனக்கு முன்னால் ரெண்டு தங்கவில்லை, அது உனக்குத் தெரியும். டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். உன் அப்பா வெளியூர் பஸ்ஸில் கண்டக்டர், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். அக்காவைக் கூப்பிட்டார்கள், வந்தாள். வந்து ரெண்டு மாசம் கழித்து ஒரு மத்தியானம், எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "ஏட்டி, குலசேகரத்துல இருந்து ஒரு ஆலோசனை வந்திருக்கு, கேட்டியா" என்றாள். குரலில் ஒரு வெட்கம். முப்பத்து நாலு வயசுப் பெண்ணுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "அவருக்கு ரேடியோ கடை. பாட்டு கேட்டுட்டே சோறு பொங்கலாமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வாரம் கடைக்குப் போனவள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி வாங்கி வந்தாள். அவள் தனக்கென்று ஒன்று வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே வெப்ராளம், ஒரே பயம். இவள் போய்விட்டால் எனக்கு யார்? இன்னும் நாலரை மாசம் இருக்கிறது. அம்மையால் வர முடியாது. மற்ற அக்கா தங்கச்சிமாருக்கு அவரவர் குடும்பம். மாமியார் வீட்டில் ஆள் கிடையாது. மூன்றாவதையும் இழந்துவிட்டால் உன் அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்? இந்த ஒரு நினைப்புதான். வேறே நல்லது கெட்டது எதுவும் என் தலைக்குள் வரவில்லை.

சதாசிவன் ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். உன் அப்பா டியூட்டியில். நான் படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்து "உள்ள வாருங்க" என்றேன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர், கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, அண்ணன்கிட்ட பேசினேன். அவரு, எட்டாமவ முடியாம கிடக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்கன்னு சொன்னாரு. அதான் வந்தேன். இந்த மாசக் கடைசியில ஒரு நல்ல நாள் இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பயம் வேண்டாம். கல்யாணம் கழிஞ்சாலும் குழந்தை பிறந்து நீங்க எழும்புகது வர அவ இங்கயே நிக்கட்டு. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. நான் ஞாயிற்றுக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

இதைவிட ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? இந்த இடத்தை நான் நாற்பத்திரண்டு வருஷமாக மனசுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "செரி" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறைவும் வந்திருக்காது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாணம் ஆன பெண்ணுக்கு மனசு இங்கே நிற்குமா, அவளுக்கே வயிற்றில் ஒன்று உண்டாகிவிட்டால் என்ன செய்வேன் என்று என்னென்னவோ. வாயைத் திறந்தேன்.

"அக்காளுக்கு இதுல விருப்பம் இல்ல. அண்ணன் கேட்டதுக்கு மறுத்துச் சொல்ல முடியாம தலையாட்டிருக்கா. எனக்கிட்ட சொல்லி அழுதா."

அவர் "அப்படியா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் என்று கூப்பிட வேண்டியவரை நான் அப்படி அனுப்பினேன்.

அக்கா வந்தாள். பழத்தைப் பார்த்தாள். "யாரு வந்தா?" என்று கேட்டாள். "இவருக்க கூட்டுக்காரரு" என்று உன் அப்பாவின் சிநேகிதர் யாரோ வந்ததுபோலச் சொன்னேன். அவள் ஒரு பழத்தை உரித்து என் கையில் தந்துவிட்டு மீன் கழுவப் போனாள். நான் அந்தப் பழத்தைத் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாசத்தில் சதாசிவனுக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பெண்ணோடு கல்யாணம் முடிந்தது. செய்தி சொல்ல வந்தது நம் சின்ன மாமா. அக்கா எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றாள். கஞ்சியைத் தொடர்ந்து ஆற்றினாள். அதிலிருந்து ஆறாவது வாரம் நீ பிறந்தாய். உன்னை முதலில் கையில் வாங்கியது அவள்தான். அந்தக் கத்தரிப்பூத் துணியில் உனக்கு ரெண்டு சட்டை தைத்துப் போட்டாள். போட்டோவில் நீ போட்டிருக்கிறாயே, உன் மகள் கூட "அப்பாவுக்குப் பொம்பளைப் பிள்ளை சட்டை" என்று சிரித்தாளே, அதுதான்.

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் ஆலோசனை கொண்டுவரவில்லை. நம் குடும்பத்தில் அவள் பார்த்த பேறுகாலம் பதினேழு. பெரியண்ணன் கடைசியில் கிடையாகக் கிடந்தபோதும் அவள்தான். அண்ணன்மார் ஒற்றுமை, மாப்பிள்ளைமார் ஒற்றுமை என்று சொல்கிறோமே, சண்டை வராததற்குக் காரணம் என்ன என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். யார் வீட்டில் என்ன கஷ்டம் வந்தாலும் அந்தக் கஷ்டம் அந்த வீட்டுக்காரர்கள் தலையில் விழவில்லை. அக்கா ஒரு பையில் ரெண்டு சேலையை வைத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள். கஷ்டத்தை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு மற்ற எட்டுப் பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். நம் ஒற்றுமை என்பது இதுதான். வீடு பாகம் பிரித்தபோது அவளுக்கென்று ஒரு அறை கூட வைக்கவில்லை. "அவளுக்கு எல்லார் வீடும் அவ வீடுதானே" என்று பெரியண்ணன் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வேலை செய்ய முடிந்தவரை எல்லார் வீடும் அவள் வீடாகத்தான் இருந்தது. எழுபது தாண்டியதும் கண் மங்கியது, இடுப்பு விழுந்தது. அதன் பிறகுதான் மாசத்துக்கு ஒரு வீடு என்று முறை வந்தது. போன மாசம் திருவட்டாறில் பெரியண்ணன் மகன் வீட்டில் குளிமுறியில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் நீ குரூப்பில் அப்படி எழுதினாய்.

குரூப்பில் அந்தக் கட்டைவிரல்களை எல்லாம் பார்த்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். தக்கலையில் மாறி, திருவட்டாறில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். என் முடிவை நான் வழியிலேயே எடுத்துவிட்டேன். அவளைக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்வது. சாகும்வரை நான் பார்ப்பது. நான் செய்ததற்கு அதுதான் பரிகாரம் என்று எனக்கு ஒரு பெருமிதம்கூட வந்துவிட்டது. அதையும் மறைக்கவில்லை.

அவள் பின்பக்கத்து அறையில், அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் சாயா கொண்டு வைத்துவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சதாசிவன் வந்தது, அவர் சொன்னது, நான் சொன்ன பொய், பழம். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. மங்கின கண்ணால் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும், ஏட்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு மார்க்கெட்டுல இருந்து வரும்போ பஸ் ஸ்டாண்டு முக்குல அவரக் கண்டேன். உனக்கு விருப்பம் இல்லியாமே, தங்கச்சி சொல்லிச்சேன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

"என்னத்துக்கு அக்கா? என்னத்துக்கு அப்படிச் சொன்னே?"

அவள் சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "நீ சொன்னது பொய்யின்னு நான் சொன்னா, நம்ம ஆளுக நாப்பது வீட்டுலயும் உன்னைக் கள்ளின்னு சொல்லுவாவ. நீ வயித்துல பிள்ளையோட கிடக்கே. ரெண்டு போனவ. நான் அவருகூடப் போயி, உனக்கு இதுவும் போச்சுன்னா, நான் எப்படி இருப்பேன்? அங்ஙன நின்னு இதெல்லாம் யோசிச்சேன்னு நினையாத. வாயில வந்தது ஆமான்னுதான். அப்படித்தான் பழக்கியிருக்கு."

"எனக்கிட்ட உனக்குக் கோவம் இல்லியா?"

இதைக் கேட்டபோது அவள் இல்லை என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் என்றுதானே நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"கோவம் இல்லாம இருக்குமா?" என்றாள். "ஒம்பது வருஷம் நான் உனக்கிட்ட சரியா பேசினது கிடையாது. வேணும், வேண்டாம், அவ்வளவுதான். மனசுக்குள்ள உன்னைத் திட்டாத நாளு இல்ல. உனக்க மகனுக்கு நாலு வயசு, அஞ்சு வயசு எல்லாம் ஆயாச்சு. அப்பவும் பேசல்ல. நீ கண்டுகிடல்ல."

மக்களே, நான் அந்த ஒன்பது வருஷத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவள் வருவாள், போவாள். உன்னைக் குளிப்பாட்டுவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைப்பாள். அவள் என்னோடு பேசவில்லை என்பது எனக்கு ஞாபகமே இல்லை. சோறு வந்துகொண்டிருந்தது, துணி துவைத்து மடித்து வந்துகொண்டிருந்தது. ஒருத்தி ஒன்பது வருஷம் என்னிடம் கோபமாக இருந்திருக்கிறாள், நான் அவள் முகத்தை ஒரு தடவை பார்க்கவில்லை. பொய் சொன்னதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. பொய் பயத்தில் சொன்னது. இது என்னத்தில் சேர்த்தி?

"பிறகு எப்படி மாறிச்சு?" என்று கேட்டேன்.

"மாறவெல்லாம் இல்ல. களைச்சுப் போச்சு. கோவத்துக்கும் தெம்பு வேணும்லா" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்ககூட வந்திரு அக்கா. நான் உன்னைப் பாத்துக்கிடுறேன். எங்கயும் மாற வேண்டாம்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, சும்மா, சேலை முந்தானையைச் சரி செய்வதற்காக எடுப்பதுபோல. "வேண்டாம்."

"ஏன்?"

"உனக்க வீட்டுக்கு வந்தா, நீ முட்டுவலின்னு உக்காந்தா, நான் எழும்பி அடுப்பு பத்த வைப்பேன். எனக்குக் கண்ணு தெரியாட்டியும் செய்வேன். நீயும் ரெண்டு நாளு வேண்டாம்னு சொல்லுவே, மூணாம் நாளு பேசாம இருப்பே. எனக்கு உங்க ஒருத்தருக்க வீடும் வேண்டாம். இவனுக பேசிக்கிடுகானுவளே, வயசானவியள வச்சுப் பாக்க இடம்னு. அங்க போவணும் எனக்கு. அங்க எனக்குன்னு ஒரு கட்டில் உண்டுமா, அதக் கேளு."

நீ குரூப்பில் எழுதியதைத் தடுப்பதற்காகப் போனவள் நான். உன் யோசனை அவளுக்கு வேண்டியதாக இருந்தது. நீ சொன்ன காரணத்துக்காக இல்லை, ஆனாலும் வேண்டியதாக இருந்தது. நான் எடுத்து வைத்திருந்த பெரிய முடிவும் அவளைக் கேட்காமல் எடுத்ததுதான். பரிகாரத்தைக்கூட எனக்கு வேண்டிய மாதிரி செய்யப் பார்த்தேன்.

ரெண்டு நாள் கழித்து ஒரு ஆட்டோ பேசி நாங்கள் ரெண்டு பேருமாகக் குலசேகரம் போகிற வழியில் உள்ள ஒரு இல்லத்தைப் பார்க்கப் போனோம். ரப்பர் தோட்டத்துக்குள் ஓடு போட்ட ஒரு பழைய கட்டடம். பெரிய வசதி என்று சொல்ல முடியாது. ஒரு அறையில் நாலு கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அக்கா கையால் தடவிப் பார்த்து அதில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சின்ன இரும்பு அலமாரி. "இதுக்குச் சாவி உண்டா?" என்று கேட்டாள். அங்கிருந்த பெண் உண்டு என்று எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை ரெண்டு தடவை பூட்டித் திறந்து பார்த்தாள்.

"காலையில என்ன பலகாரம்?"

"ஒருநாள் இட்லி, ஒருநாள் புட்டு, ஒருநாள் கஞ்சி, அம்மா."

"யாரு வைப்பா?"

"அடுக்களையில ஆளு இருக்கு. நீங்க மணி அடிச்சா வந்து இருந்தா போரும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நான் திங்கக்கிழமை வாறேன்னு சொல்லு."

அந்தப் பெண் ஒரு ஃபாரம் தந்தாள். பெயர், வயசு, நோய் எல்லாம் நான் எழுதினேன். "யாருடைய முடிவின் பேரில் சேர்க்கப்படுகிறார்" என்று ஒரு கேள்வி இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அக்கா கேட்டாள், "என்ன எழுதியிருக்கு?" வாசித்துக் காட்டினேன். "எனக்க பேரை எழுது" என்றாள். எழுதினேன். அவள் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

அதனால் இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். குரூப்பில் "எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம்" என்று எழுதாதே. பகவதி பெரியம்மை தன் இஷ்டத்துக்கு ஒரு இடம் பார்த்துப் போயிருக்கிறாள் என்று எழுது. சங்கமத்துக்கு அவளை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போடலாம் என்று உன் மாமன் மகன் சொன்னானாம், அது வேண்டாம். வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் வருவாள். மலரில் என் எழுத்து வேண்டாம். பெயர்களை மட்டும் போட்டுக்கொள், ஒன்பதையும் வரிசையாக. அவள் பெயருக்குப் பக்கத்தில் "தியாகம்" என்று யாராவது எழுதினால் அடித்துவிடு. அவள் தந்தது எதையும் நாம் கேட்டு வாங்கவில்லை. எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

உனக்கு நான் புத்தி சொல்கிற அளவுக்கு இல்லை. உன் பெண்டாட்டிக்கு ரெண்டாவது பிறந்தபோது அவளுடைய தங்கச்சி படிப்பை நிறுத்திவிட்டு ஷார்ஜாவுக்கு வந்து ஆறு மாசம் நின்றாள், இல்லையா? "அவளுக்கு ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு" என்று நீ போனில் சொன்னாய். அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா? கேட்டுப் பார். இப்போதாவது கேள். அவள் இல்லை என்று சொன்னாலும் ரெண்டாவது தடவை கேள். முகத்தைப் பார்த்துக் கேள். போனில் கேட்காதே.

திங்கட்கிழமை நான்தான் கொண்டுவிட்டேன். அவளுடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன், அலமாரியில் வைத்தாள், பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள். நான் என்னென்னவோ பேசவேண்டும் என்று நினைத்து நின்றேன். மணி அடித்தது. பக்கத்துக் கட்டில்காரி "வாருங்க, சாப்பாட்டுக்கு" என்று அவள் கையைப் பிடித்தாள். அக்கா எழுந்தாள். "அப்ப செரி ஏட்டி, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். உச்சி வெயில், பசி. அப்போதுதான் எனக்குப் பட்டது. நான் பிறந்து எழுபது வருஷத்தில், நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் அக்கா சாப்பிடப் போனது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது, ஆனால் சங்கடத்தால் வந்தது இல்லை.

லீவில் வரும்போது போய்ப் பார். பார்வை நேரம் சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை. வாசலில் உன் பெயரைச் சொன்னால் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். அவளுக்கு இஷ்டம் இருந்தால் வந்து உன்னைப் பார்ப்பாள்.

அம்மை